காப்பீட்டுப் பணம் உங்கள் கணக்குக்கு வராது. ஆனால் கட்டிய முன்பணத்தைக் கேட்கலாம்

கேள்வி: எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அப்பாவுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு, "அனுமதி வந்துவிட்டது" என்றார்கள். ஆனாலும் 60,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அவர்கள் மருந்துக் கடையில் தனியாக 18,400 ரூபாய் ஆனது. காப்பீட்டுத் தொகை வந்ததும் திருப்பித் தருவோம் என்றவர்கள், இப்போது "வந்த பணம் எங்கள் பில்லுக்கே பற்றவில்லை" என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆசிரியருக்குச் செலவழித்த பணம் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறது. எங்களுக்கு ஏன் வரவில்லை? யாரிடம் கேட்பது? – விருதுநகர் மாவட்ட வாசகர்

பதில்: ஆசிரியரின் கதை வேறு. அவர் இருப்பது அரசு ஊழியர்களுக்கான புதிய உடல்நலக் காப்பீட்டுத் திட்டம். மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போயிருந்தாலும், கலெக்டர் தலைமையிலான குழு வழியாகச் செலவைத் திரும்பக் கேட்க அதில் இடமுண்டு. உங்கள் திட்டத்தில் நோயாளியின் கணக்குக்குப் பணம் வரும் வழியே கிடையாது. அதனால் கலெக்டர் அலுவலகத்தில் "என் பணம் எப்போது வரும்?" என்று மனு கொடுத்தால், "அப்படி ஏதும் இல்லை" என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். பலர் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, மருத்துவமனை வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதை.

பணம் போகும் பாதை இதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தப்படி அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். வாங்கிக்கொள்வது யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்த பிறகு, அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசும் பங்கு தருகிறது. காப்பீட்டு வரம்பு, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம்.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிலையான பேக்கேஜ் தொகை உண்டு. மருத்துவமனை முன்அனுமதி கேட்கும், அனுமதி வரும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஆவணங்களை ஏற்றும், தொகை நேராக அதன் கணக்குக்குப் போகும். படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். அந்த விலைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே மருத்துவமனை பட்டியலில் சேர்க்கப்படுகிறது. "எங்கள் பில்லுக்குப் பற்றவில்லை" என்பது உங்களிடம் சொல்லக்கூடிய வாதமே அல்ல. ஆவணம் குறைந்ததால் காப்பீட்டு நிறுவனம் தொகையை வெட்டியிருந்தாலும், அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு.

எனவே வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: முன்அனுமதி உண்மையில் வந்ததா, மருத்துவமனை பணம் வாங்கியதா? வாய்ச்சொல்லை நம்பி நோட்டீஸ் அனுப்பாதீர்கள். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். திட்டத்தை நடத்தும் மாநிலச் சுகாதாரத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று. பொதுத்துறை நிறுவனம் என்பதால் யுனைடெட் இந்தியாவுக்கும் ஒன்று. கட்டணம் 10 ரூபாய். முன்னதற்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், பின்னதற்கு அஞ்சல் ஆணை (போஸ்டல் ஆர்டர்). முன்அனுமதி எண், தேதி, பேக்கேஜின் பெயர், அனுமதித்த தொகை, மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை, செலுத்திய நாள், டிஸ்சார்ஜின்போது நோயாளி கையெழுத்திட்ட படிவங்களின் நகல் – இத்தனையும் கேளுங்கள். மனுவில் அப்பாவே கையெழுத்திட வேண்டும். மகன் கேட்டால், மூன்றாம் நபரின் மருத்துவத் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தப் படிவங்களைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவசரத்தில் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்திட்டிருப்பீர்கள். "பணம் ஏதும் வசூலிக்கப்படவில்லை" என்று ஒன்றில் இருந்தால், உங்கள் 60,000 ரூபாய் ரசீதே அதைப் பொய்யாக்கும். "காப்பீடு வேண்டாம், சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறோம்" என்று இருந்தாலும் கலங்க வேண்டாம்: காப்பீட்டுப் பணத்தையும் மருத்துவமனை வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. ஒரே சிகிச்சைக்கு இரு பக்கமும் வசூலிக்க முடியாது. மாறாக, முன்அனுமதியே கேட்கப்படவில்லை என்று பதில் வந்தால் வழக்கு கடினமாகும். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஏமாற்றினார்கள் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்போது குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், காப்பீட்டுப் பிரிவு ஊழியரோடு பேசிய பதிவு எல்லாம் பயன்படும். எதையும் அழிக்காதீர்கள்.

ரசீதில் "முன்பணம்" என்றிருக்கிறதா, "நன்கொடை" என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்து பில்லில் அப்பாவின் பெயரும் உள்நோயாளி எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாளின் மருந்துச் சீட்டை அதோடு இணையுங்கள்.

பதில் கைக்கு வந்ததும் மருத்துவமனைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்புங்கள். அதே நகலைக் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க்கும் குழுவுக்கும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பட்டியலிலிருந்து நீக்கப்படுவோம் என்ற பயம் மருத்துவமனைக்கு உண்டு. என் கணிப்பில் இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது.

திரும்பாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையை முதல் எதிர்தரப்பாகவும், கோப்புகளைக் கொண்டுவருவதற்காகக் காப்பீட்டு நிறுவனத்தை இரண்டாவதாகவும் சேருங்கள். "இலவசத் திட்டத்தில் வந்தவர் நுகர்வோர் அல்ல" என்று வாதிடுவார்கள். அது செல்லாது: நீங்கள் 78,400 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கெடு இரண்டு ஆண்டு. குழுவிடம் மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் அந்தக் கெடு நிற்காது. டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.