அம்மாவின் முடிச்சுகள்

கேள்வி: புற்றுநோய் முற்றிவிட்ட என் அம்மாவை (வயது 71), இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று கூறி, வலி மருந்துகளுடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, அம்மாவின் வாழ்க்கைக் கதையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறான். அம்மாவோ, போனைக் கண்டாலே "இந்தக் கோலத்துல எதுக்குடி?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுங்குடிச் சேலைகளுக்கு, சாயத்தில் நனைக்கும் முன், நூலால் முடிச்சுப் போட்டு எங்களை வளர்த்தவர் அவர். பேரப்பிள்ளைகளுக்காக நான் எதைப் பத்திரப்படுத்துவது?
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: சகோதரி, வீடியோவை முதலில் கைவிடுங்கள். மெலிந்த முகத்தைக் காட்ட மறுக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. தம்பியிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குரலுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவருடைய சம்மதத்தோடு, ஒளித்து வைக்காமல், போனைத் தலையணை ஓரம் வைத்துப் பதிவு செய்யுங்கள். மருந்தால் வலி தணிந்து, ஆனால் உறக்கம் இன்னும் அழுத்தாத ஒரு பொழுது எது என்பது உடனிருக்கும் உங்களுக்கே பிடிபடும். அப்போது பத்து நிமிடம் போதும். மின்விசிறியைச் சற்று நேரம் நிறுத்திவிடுங்கள்.

"உன் கதையைச் சொல்லம்மா" என்றால் யாருக்கும் பேச்சு வராது. அவருடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றை மடியில் வைத்து, ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சுப் போட்டார், கூலி என்ன கிடைத்தது, அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முடித்துத் தரச் சொல்லி யாராவது விரட்டியதுண்டா என்று கேளுங்கள். தம்பியும் தினம் ஒரு கேள்வி அனுப்பட்டும். இன்று புவிசார் குறியீட்டின் பெருமை சொல்லி விற்கப்படும் அந்தச் சேலையில், முடிச்சுப் போட்ட விரல்களின் பெயர் எங்கும் இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். "சாகப்போகிறவளிடம் இதென்ன விசாரணை" என்று உறவினர்கள் முகம் சுளித்தால், பொருட்படுத்தாதீர்கள்.

பதிவுகளைத் தேதியிட்டு, உங்கள் போன், தம்பியின் கணினி, ஒரு பென் டிரைவ் என மூன்று இடங்களில் வையுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போயிற்று.

இன்னொன்று. கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியும் நூலும் அவரிடம் கொடுங்கள். முடிந்தால் நான்கு முடிச்சுப் போடட்டும். விரல் ஒத்துழைக்காவிட்டால், பேத்தியின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கட்டும். முடிச்சுக்குள் சாயம் ஏறாமல், பிரித்ததும் வெண்புள்ளியாகத் தெரிவதுதான் சுங்குடி என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் துணியைச் சாயத்தில் நனைத்துப் பிரிப்பதா, முடிச்சோடு அப்படியே வைப்பதா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். அவர் சொல்லும்போது பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும்.