மூன்று பெட்டி மாட்டியும் வைஃபை ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: எங்களுடையது 780 சதுர அடி ஃபிளாட், இரண்டு படுக்கையறை. உள் அறையில் சிக்னல் சரியாக வரவில்லை என்று மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் செட் வாங்கினோம். ஹாலில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, உள் அறையில் ஒன்று. முதல் வாரம் பிரமாதமாக இருந்தது. இப்போது மகளின் ஆன்லைன் வகுப்பில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஹாலில் பேசிக்கொண்டே அறைக்குள் போனால் வாட்ஸ்அப் கால் கட்டாகிறது. சில ராத்திரிகளில் நெட் மொத்தமாக ஒரு நிமிடம் காணாமல் போய்த் தானாகத் திரும்புகிறது. ஃபைபர் கம்பெனிக்காரர்கள் "லைன் கிளியர் மேடம், உங்க மெஷ்லதான் பிரச்சினை" என்கிறார்கள். மெஷ் கம்பெனியோ லைனைக் கை காட்டுகிறது. இன்னும் விலை கூடிய செட்டாக வாங்கிவிடலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம். முதலில் சமையலறை வாசலில் உள்ள பெட்டியைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இரண்டு நாள் அப்படியே ஓடட்டும்.

780 சதுர அடி என்றால் ஏறக்குறைய 28-க்கு 28 அடி. ஹாலில் நின்று கூப்பிட்டால் எந்த அறையிலும் காதில் விழும். அந்த இடத்தில் மூன்று பெட்டிகள், மூன்றும் பெரும்பாலும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைப்பாதையில். ஒன்று பேசும்போது மற்ற இரண்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள் அறைப் பெட்டி நேராக ஹால் பெட்டியோடு பேசாமல் சமையலறைப் பெட்டி வழியாகச் சுற்றி வந்தால் கதை இன்னும் மோசம். பெட்டிகளுக்கு நடுவே தனி அலைவரிசை இல்லாத செட்டில், காற்றில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். எந்தப் பெட்டி எதன் வழியாக இணைந்திருக்கிறது என்று மெஷ்ஷின் ஆப்பிலேயே காட்டும், பாருங்கள்.

கால் கட்டாவதற்கும் காரணம் இதுதான் என்பது என் ஊகம். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது உங்கள் போன். மெஷ் யோசனைதான் சொல்ல முடியும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் தெரிந்தால் சில போன்கள் அங்கும் இங்கும் தாவும். சில போன்கள் பிடித்த பெட்டியை விடவே விடாது.

அடுத்து, ஃபைபர் பெட்டியில் (ஃபைபர் கம்பெனி மாட்டியது) இருக்கிற வைஃபையை அணைத்தீர்களா? நிறைய வீடுகளில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் மெஷ்ஷுக்கு வைத்த அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு! மெஷ்ஷுக்குச் சம்பந்தமே இல்லாத நான்காவது பெட்டி அது. போன் அதற்குத் தாவினால் மெஷ்ஷால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் செட்டிங்ஸுக்குள் போகத் தெரியாவிட்டால் கம்பெனிக்குப் போன் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மெஷ்ஷை 'அக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றலாம்: ரவுட்டர் வேலையை ஃபைபர் பெட்டியிடம் விட்டுவிட்டு, மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும். ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருப்பதாலேயே நெட் அறுந்துவிடாது. ஆனால் வீட்டு கேமராவும் சில ஆன்லைன் கேம்களும் தகராறு செய்யும்.

இனி அந்த ஒரு நிமிட மாயம். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாருக்கும் உரியவை. அங்கே ஓடும் ரவுட்டர் ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் உடனே விலகிவிட வேண்டும். அந்த வரிசையிலேயே வேறு சேனலுக்குப் போனால், குறைந்தது 60 விநாடி கவனித்துவிட்டுத்தான் மறுபடி பேசலாம். நீங்கள் சொல்லும் ஒரு நிமிடம் இதோடு பொருந்துகிறது. ஆப்பில் '160 மெகாஹெர்ட்ஸ்' என்று ஒரு வசதி இருந்தால் (சேனலை அகலமாக்கி ரேடார் வரிசைக்குள் நுழைப்பது அது), அதை அணைத்து 80-இல் வையுங்கள். சேனலை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் 36 அல்லது 149 போதும்.

இதற்குப் பிறகும் அறுந்தால் குற்றவாளி யார் என்று பார்த்துவிடலாம். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒயரால் நேரடியாக ஃபைபர் பெட்டியில் சொருகுங்கள். லேப்டாப் திரையில் இரண்டு கட்டளை ஜன்னல் (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து ஒன்றில் ஃபைபர் பெட்டியின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8-க்கும் 'பிங்' கட்டளையை (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது) தொடர்ந்து ஓடவிடுங்கள். பெட்டியிலிருந்து ஓரிரு மில்லிவிநாடியில் பதில் வந்துகொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டுச் செத்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. நேரம் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து ஃபைபர் கம்பெனிக்கு அனுப்புங்கள். "லைன் கிளியர்" என்று வாயால் சொல்வது சுலபம், படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். அப்படியும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஃபைபர் பெட்டியின் விளக்குகளையும் ஒரு பார்வை பாருங்கள். 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பில் சிமிட்டினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதில் சொருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் ஒயர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா? உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மின் ஒயரைப் போல மடித்து டேப் ஒட்டினால் ஒளி ஒழுகிப்போகும்.

மிச்சமுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று ஹாலில் இருக்கட்டும். டிவிக்குப் பின்னாலோ ஃபிரிட்ஜ் மேலோ இரும்பு பீரோ பக்கத்திலோ வேண்டாம். இரண்டாவதை உள் அறையின் கோடியில் வைக்காதீர்கள். சிக்னல் செத்த இடத்தில் வைத்த பெட்டி, செத்த சிக்னலைத்தான் பரப்பும். அறை வாசலருகே, ஹால் பெட்டியின் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அளவில் கிடைக்கிற இடம் சரி. வைஃபை அனலைசர் ஆப்கள் அந்த எண்ணைக் காட்டும். மைனஸ் 75 என்றால் பலவீனம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, இரண்டு பெட்டிக்கும் நடுவே கேட்-6 நெட்வொர்க் ஒயர் இழுத்துவிடுவது. சுவரோரமாக பீடிங் பட்டைக்குள் ஓட்டினால் அசிங்கமாகத் தெரியாது. கிரிம்ப் செய்பவரை, அதாவது ஒயர் முனையில் பிளக் பொருத்துபவரை, பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் வந்தவர் எட்டு இழையில் நாலை மட்டும் கோத்துவிட்டு, மீதியை வெட்டி எறிந்துவிட்டுப் போய்விட்டார். ஒயர் வேலை செய்தது, ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் நாலு உலோகப் பற்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டு இழையும் வேண்டும். இருபது ரூபாய் சமாச்சாரத்துக்கு நான் மூன்று மாதம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: வாடகை வீடு, 550 சதுர அடி, 100 எம்பிபிஎஸ் பிளான். கடையில் ஏஎக்ஸ்1500 ரவுட்டர் இருக்கிறது, ஏஎக்ஸ்3000 இருக்கிறது, மெஷ்ஷும் இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: ஏஎக்ஸ்1500 ஒற்றை ரவுட்டர் தாராளம். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டுங்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. 3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ். பெரும்பாலான போன்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அந்த 2402-உம் மேலே மடிப்பாக்கத்து வாசகியை அணைக்கச் சொன்னேனே, அந்த 160 மெகாஹெர்ட்ஸை ஓட்டினால்தான் வரும். 1500 என்பது 300-உம் 1201-உம். உங்கள் 100-க்கு அதுவே மிச்சம்.

பெட்டியைத் திருப்பி ஒன்று மட்டும் பாருங்கள்: ஒயர் போர்ட்டுகள் 'ஜிகாபிட்' என்று போட்டிருக்கிறதா? மலிவான சில மாடல்களில் அவை வெறும் 100 எம்பிபிஎஸ். நாளைக்கே பிளானை 200-க்கு ஏற்றினால் அங்கேயே முட்டி நிற்கும்.