சுடோகு எக்ஸ்பர்ட் லெவல்ல முட்டிக்கிட்டு நிக்கிறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கட்டத்த எப்படி குறிக்கிறேன்னு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். 2-3ன்னா மேலிருந்து 2வது குறுக்கு வரிசை, இடமிருந்து 3வது நெடுக்கு வரிசை. பாக்ஸ்னா 3க்கு 3.

கே: மேடம், பேப்பர்ல வர்ற ஹார்ட் எல்லாம் முடிச்சிடுறேன், ஆப்ல எக்ஸ்பர்ட் போட்டா பாதில நின்னுடுது. பென்சில் மார்க் போட மாட்டேன், மனசுலயே தான் போடுவேன்.

அந்த கெத்த கொஞ்சம் ஓரமா வைங்க சார். எக்ஸ்பர்ட்ல பாதிக்கு மேல எந்தக் கட்டமும் நேரா பதில் சொல்லாது, என்னென்ன வரலாம்னு எல்லாக் கட்டத்துலயும் எழுதிட்டு அதுல எது வரவே முடியாதுன்னு ஒண்ணொண்ணா அடிச்சுட்டே வரணும், ஆட்டமே அது தான். எழுதுறதையும் முழுசா எழுதுங்க, பாதி எழுதினா இல்லாத எக்ஸ் விங் (நாலு கட்டத்த வச்சு ஒரு நம்பர அடிக்கிற டெக்னிக்) எல்லாம் இருக்கிற மாதிரி தெரியும்.

கே: அக்கா அந்த எக்ஸ் விங்க எத்தனை வீடியோ பாத்தும் புரியல.

7ஐ மட்டும் பாரு, மத்த நம்பர மறந்துடு. 2வது குறுக்குல 7க்கு 2-3, 2-8 ரெண்டே இடம் தான். 6வது குறுக்குலயும் 6-3, 6-8 மட்டும் தான்னு வை. இப்போ 2-3ல 7 வந்தா 6-3ல வர முடியாது, அப்போ 6-8. 2-8ல வந்தா 6-3. ரெண்டுல எதுன்னு தெரியாது, தெரியவும் வேணாம், எப்படிப் போனாலும் 3வது நெடுக்குக்கு ஒரு 7, 8வது நெடுக்குக்கு ஒரு 7 இந்த நாலு கட்டத்துக்குள்ளயே முடிஞ்சுபோச்சுல்ல, அதனால அந்த ரெண்டு நெடுக்குலயும் மீதி இருக்கிற 7 எல்லாத்தையும் அடிச்சிடலாம்.

கே: ஸ்வோர்ட்ஃபிஷ்?

அதே கதை, மூணு குறுக்கு மூணு நெடுக்கு. ஒவ்வொரு வரிசைலயும் மூணு இடம் இருந்தே ஆகணும்னு தேடுறாங்க, ரெண்டு இருந்தாலும் போதும்.

கே: எனக்கு எக்ஸ்ஒய் விங் தான் கண்ணுலயே படமாட்டேங்குது.

ரெண்டே நம்பர் இருக்கிற கட்டங்கள மட்டும் வட்டம் போட்டுட்டு தேடுங்க, படும். 1-1ல 2,6. 1-7ல 2,8. 3-2ல 6,8. நடு ஆள் 1-1. அது 2 ஆனா 1-7 எட்டு, 6 ஆனா 3-2 எட்டு, ஆக ரெண்டுல ஒருத்தராவது 8 தான். அப்போ அந்த ரெண்டு பேரும் பாக்குற, அதாவது ரெண்டோடவும் ஒரே வரிசைலயோ ஒரே பாக்ஸ்லயோ இருக்கிற கட்டத்துல 8 இருக்கவே கூடாது. 1-2, 1-3 சட்டுனு தெரியும், ஆனா 3-7, 3-8, 3-9லயும் போகும், பாதிப் பேர் இத விட்டுடுறாங்க. 3-2 அதுங்கள வரிசை வழியா பாக்குது, 1-7 பாக்ஸ் வழியா பாக்குது. எனக்கு ரொம்பப் புடிச்ச டெக்னிக், ஒரே அடில அஞ்சு கட்டம் வரைக்கும் க்ளீன் ஆகும்.

கே: இவ்ளோ கஷ்டத்துக்கு ஒரு நம்பர கெஸ் பண்ணி பாத்தா தப்பா?

போலீஸ் எல்லாம் வராது. ஆனா கெஸ் அடிச்சு அது சரியா வந்துட்டா ஏன் சரின்னு உங்களுக்கே தெரியாது, அடுத்த புதிர்ல மறுபடி அதே இடத்துல நிப்பீங்க. அதுக்கு பதிலா ரெண்டு நம்பர் இருக்கிற கட்டத்துல ரெண்டையும் தனித்தனியா ஓட்டிப் பாருங்க, ரெண்டு வழிலயும் வேற ஏதோ ஒரு கட்டத்துக்கு ஒரே நம்பர் வந்தா அது உறுதி. அது கெஸ் இல்ல, சுத்தமான லாஜிக்.

கே: யுனிக் ரெக்டாங்கிள்னு சொல்றது ஏமாத்து வேலை தானே?

இதுல சண்டையே நடக்கும். நாலு மூலை, ரெண்டு குறுக்கு, ரெண்டு நெடுக்கு, முக்கியமா ரெண்டே பாக்ஸ். மூணு மூலைல 4,9, நாலாவதுல 4,9,1. அங்கயும் 1 இல்லன்னா 4ஐயும் 9ஐயும் இடம் மாத்தி ரெண்டு விடை வந்துடும், அதனால அது 1. புதிருக்கு ஒரே விடை தான்னு நம்பி எடுக்கிற முடிவு இது. நல்ல புதிர்னா ஒரே விடை தான் இருக்கணும், அதனால நான் கூச்சமில்லாம போடுவேன். நாலு மூலையும் நாலு பாக்ஸ்ல இருந்தா செல்லாது, ஜாக்கிரதை.

கே: கொடுத்திருக்கிற நம்பர் கம்மியா இருந்தா தானே கஷ்டம்?

இல்லங்க. 17 நம்பர் மட்டும் இருக்கிற புதிர் பல சாதாரணமா முடிஞ்சிடும், 25 இருக்கிறது உயிர எடுக்கும். 17க்கு கீழ போனா ஒரே விடை வர்ற மாதிரி புதிரே கிடையாதுன்னு 2012ல டப்ளின்ல கேரி மெக்கைர் டீம் கம்ப்யூட்டர ஓட விட்டு நிரூபிச்சாங்க.

கே: அக்கா நீங்க சொன்னப்புறம் எக்ஸ் விங் கண்டுபுடிச்சேன்! 4க்கு 1வது குறுக்குல 1-4, 1-6 மட்டும், 3வதுல 3-4, 3-6 மட்டும். ஆனா அடிச்சும் ஒண்ணும் நகரல.

நாலும் ஒரே பாக்ஸ்ல இருக்கு பாரு தம்பி. 1வது வரிசைக்கு ஒரு 4, 3வதுக்கு ஒரு 4, அப்போ அந்த பாக்ஸ்ல ரெண்டு 4 வரணும், எப்படி? முன்னாடியே எங்கயோ தப்பா அடிச்சிருக்க, இல்ல ஒரு நம்பர தப்பா போட்டிருக்க. அந்த ரெண்டு வரிசைலயும் மத்த கட்டங்கள்ல 4ஐ எந்தக் காரணத்துக்கு எடுத்தேன்னு ஒவ்வொண்ணா திரும்பப் பாரு, கிடைக்கலன்னா மார்க் எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா எழுது.