வாசகர் கேள்வி – பதில்: அளக்கும் முன் எழுதி வையுங்கள்

கேள்வி: நான் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர். எங்கள் கபடி அணியின் 20 மாணவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் மூச்சுப் பயிற்சி அளித்து, மூச்சடக்கும் நேரம், ஓட்ட வேகம், நாடித்துடிப்பு என 10 அளவுகளை முன்னும் பின்னும் எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறேன். "எது கூடியிருக்கிறதோ அதை மட்டும் எழுதினால் போதும்" என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். அது முறைதானா?
– வாசகர், மண்டபம்

பதில்: முறையன்று. இல்லாத பயனை இருப்பதாகத் தவறாகக் கொள்ளும் வாய்ப்புக்கு ஒவ்வொரு சோதனையிலும் வழக்கமான 5 விழுக்காட்டு வரம்பை வைத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 10 அளவுகளைச் சோதித்தால், பயிற்சியால் எந்தப் பயனும் இல்லாதபோதும் ஒன்றிலாவது பயன் இருப்பதாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மற்ற ஒன்பதையும் மறைத்து அந்த ஒன்றை மட்டும் அச்சிட்டால், அதை நம்பித் தொண்டியிலோ கீழக்கரையிலோ வேறொரு பயிற்சியாளர் தம் மாணவர்களின் உழைப்பை வீணடிப்பார். என் கவலையெல்லாம் அந்த மாணவர்களைப் பற்றியதுதான்.

ஆகவே, உங்கள் முதன்மை அளவு எது, யாரைச் சேர்ப்பீர்கள், எந்தக் கணக்கீட்டைச் செய்வீர்கள் என்பவற்றை முதல் அளவை எடுப்பதற்கு முன்பே எழுதி, 'ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்' இணையதளத்தில் கட்டணமின்றித் தேதியோடு பதிந்துவிடுங்கள். பின்னர் திட்டத்தை மாற்ற நேர்ந்தால் மாற்றலாம்; மாற்றியதையும் அதன் காரணத்தையும் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் மாணவர்களின் எழுத்துவழி இசைவும் இதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

குழுவுக்குப் பத்துப் பேர் என்பது மிகக் குறைவு. நடுத்தர அளவிலான வேறுபாட்டை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டறியவே குழுவுக்கு ஏறத்தாழ 64 பேர் தேவைப்படும் என்பதால், மாவட்டத்தின் பிற கல்லூரி அணிகளையும் சேர்த்து ஒரே திட்டப்படி அளப்பது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குச் சென்றுவரும் மாணவர் அந்த நாள்களில் கரையில் இருந்தால், அவர் உடலில் தெரியும் மாற்றம் பயிற்சியால் வந்ததா, ஓய்வால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. எந்த மாதங்களில் அளந்தீர்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைக் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கேள்வி: 'பயன் இல்லை' என்று முடிவு வந்தால் யார் வெளியிடுவார்கள்? மாணவர்களின் தரவுகளைப் பொதுவில் வைப்பது சரியா?
– அதே வாசகர்

பதில்: ஆய்வுத் திட்டத்தை மட்டும் முன்கூட்டியே மதிப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிட ஒப்புக்கொள்ளும் முறையை 2013இல் 'கார்டெக்ஸ்' என்ற மூளை ஆய்விதழ் தொடங்கியது, பிற இதழ்களும் பின்பற்றுகின்றன. விளையாட்டு அறிவியலுக்கென்றே உள்ள 'ஸ்போர்ட்ஆர்க்கைவ்' தளத்தில் முன்பதிப்பாகவும், அதாவது இதழ் மதிப்பிடும் முன்பே, வெளியிடலாம். தரவுகளைப் பகிர்வது சரியே, மாணவர் அதற்கெனத் தனியே இசைவு தந்திருந்தால். ஆனால் பெயரை நீக்கினால் மட்டும் போதாது; சிற்றூரில் வயதும் ஊரும் அணியில் ஆடும் இடமும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால், ஊரையும் ஆடும் இடத்தையும் நீக்கிவிட்டு, வயதை வரம்பாக மட்டும் கொடுங்கள்.