பென்ட்ரி பலகைக்கு முன் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள்

"ஹட்டனுக்குப் பக்கத்தில் 550 சதுர அடி வீடு முடியும் நிலையில் இருக்கிறது. குசினி எட்டடிக்கு ஏழடி. கையில் மூன்று லட்சம். பென்ட்ரி கபட், அதாவது குசினி அலுமாரி, போட எந்தப் பலகை நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலகையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தலவாக்கலைப் பக்கம் ஏறக்குறைய இதே அளவுக் குசினியைப் போன வருடம் 2 லட்சத்து 90 ஆயிரத்துக்குள் முடித்தேன். கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, அதற்கு முன் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால்.

வாடகை வீட்டில் இருந்தபோது கண்டியில் ஒரு கடையில் எம்.டி.எஃப். பலகையில் செய்த சிங்க் கபட் தள்ளுபடியில் கிடைத்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. மே மாதம் மழை பிடித்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் அடிப்பலகை தேத்தண்ணியில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது, கதவு மூடவில்லை. அந்தப் பலகை மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது. வெட்டிய ஓரம் எங்காவது திறந்திருந்தால் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை சுவரே காயாது. மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை, பதுளையில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எங்க வீட்டுல ஆறு வருஷமா அப்படியே இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு அந்த மாதங்களில் வெயில், பெருமழை வருவது ஐப்பசி தொடங்கித்தான். அவர்கள் கணக்கு உங்களுக்குச் சரிவராது.

அதனால் முதலில் பின்சுவர். இங்கே மண்மேட்டை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுக்கிறோம், குசினி பெரும்பாலும் அந்த வெட்டின பக்கத்தில் போய் உட்காரும். நல்ல மழை நாளில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். கை நனைந்தால் கபட் காசில் ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே செலவழிக்க வேண்டியிருக்கும். நான் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு கான் வெட்டி, சீமெந்து பூசி, தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டேன். தோட்டத்தில் கான் வெட்டியே காலம் கழித்த மாமா இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். மொத்தம் 32 ஆயிரம். வீட்டில் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை, ஆனால் சுவர் காய்ந்துவிட்டது. மேட்டை இன்னும் இரண்டடி உள்ளே வெட்டிக் குசினியைப் பெரிதாக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு விளையாட்டில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களைக் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

அடுத்தது மேடை. என் புத்திக்கு எட்டிய நல்ல காரியம், மேடையின் உயரத்தை அம்மாவை வைத்து அளந்ததுதான். மேசன் பாஸ் எல்லா வீட்டுக்கும் 34 அங்குலம் என்றார். அம்மா நாலடி பத்து அங்குலம், முப்பத்தைந்து வருடம் மலையேறிக் கொழுந்து எடுத்த தோள். புளொக் கல்லை அடுக்கி, மேலே பலகை வைத்து, ரொட்டிக்கு மா பிசையச் சொன்னேன். 34-ல் இரண்டு நிமிடம் பிசைந்துவிட்டு, "இதுல தினம் பிசைஞ்சா தோள்பட்டை கழண்டுரும்டா தம்பி" என்றது. ஒவ்வொரு அங்குலமாக இறக்கினோம். 31-ல் நின்றது. முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே வருகிற மாதிரி வைத்தால் சரியாக இருக்கும். யார் அதிக நேரம் நிற்கப்போகிறார்களோ அவர்களை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள்.

மேடையைக் கம்பி போட்டு மூன்று அங்குல கொங்கிரீட்டில் வார்த்தோம், அகலம் இரண்டடி, கால்களுக்குப் புளொக் கல். பாஸ் மூன்றாம் நாளே அடிப்பலகையைக் கழற்ற வந்தார், அடுத்த வேலை காத்திருக்கிறது அவருக்கு. இந்தக் குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும், பத்து நாள் ஈரச்சாக்குப் போட்டு விட்டு வைத்தோம். மேலே முழுக்கக் கருங்கல் போடக் காசு பற்றாது. கருங்கல் அறுக்கும் இடத்தில் மிஞ்சின துண்டுகளைக் கேட்டு, சிங்க் பக்கத்துக்கும் பிசைகிற இடத்துக்கும் மட்டும் போட்டேன். மிச்சத்துக்கு டைல்ஸ். டைல்ஸ் இடுக்கில் மஞ்சள் ஏறிப் பல் மாதிரி மஞ்சளித்துக் கிடக்கிறது, அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. எங்களுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர், மழைக்கு மணலோடு வரும். ஒரே கைப்பிடியில் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் திருப்புகிற குழாயை வாங்காதீர்கள், மணல் போய்ச் சிக்கினால் அவ்வளவுதான். சாதாரணக் குழாய் என்றால் வாசரை மாற்றிக்கொள்ளலாம். கழிவுக்கு இரண்டு அங்குலக் குழாய், சிங்க் ஒரே தொட்டியாக, சோற்றுப்பானை படுத்துக் கழுவும் அளவுக்கு. மின்சாரக்காரரைச் சுவர் பூசுவதற்கு முன்பே கூப்பிட்டு மேடைக்கு மேலே மூன்று பிளக் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரை உடைத்தால் செலவு இரட்டிப்பு.

இனி, பலரும் ஒத்துக்கொள்ளாத ஒன்று: விறகடுப்புக்கு இடம் விடுங்கள். புது வீடு, புதுக் குசினி, இனி புகை வேண்டாம் என்று எங்கள் வீட்டிலும் சண்டை. 2022-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது, அதுவும் கிடைக்கவில்லை. மிலாறு, அதாவது வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சி, அடுக்கி வைத்திருந்த வீட்டில் சோறு பொங்கியது. கேஸுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் குளிரில் சோம்பேறி, பூச்சியம் பாகைக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாகவே மனம் வராது. நுவரெலியாவில் தை மாத விடியலில் பாதி சிலிண்டர் இருக்கும்போதே தீ சிணுங்குவது அதனால்தான். பருப்பும் சீக்கிரம் வேகாது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96-ஐ ஒட்டி. கபட்டில் ஒரு கதவைக் குறைத்தாவது நல்ல பிரஷர் குக்கர் வாங்குங்கள், கேஸ் மிச்சமாகும்.

நாங்கள் பின்வாசல் ஓரத்தில் மூன்றடியில் தனி மேடை கட்டி அனகி என்கிற களிமண் அடுப்பை வைத்து, சுற்றி மண் பூசினோம். ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைக்கும் தீ போகும். புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தவேண்டும், குட்டையாக விட்டால் காற்று புகையைத் திருப்பி முகத்திலேயே ஊதும். அடுப்புக்கு மேலே ஒரு பரண், ஈர விறகு காய்வதற்கு. அதன் ஓரத்தில்தான் தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் நிற்கிறது, மற்ற இடத்தில் வைத்தால் காலையில் உறைந்து போத்தலைக் கவிழ்த்தாலும் வராது. தகரக் கூரை என்றால் உச்சிக்குக் கீழே காற்று போக இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சமையல் ஆவி பட்டுத் தகரம் வியர்த்துக் குழம்பில் சொட்டும். கேஸ் கசிந்தால் கீழே தங்கும், ஆகையால் சிலிண்டர் வைக்கும் பக்கம் தரையோடு ஒரு துவாரமும் வேண்டும். சிலிண்டரையும் விறகடுப்பையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பலகை. என் பதில் அலுமினியம், ஆனால் சட்டம் அலுமினியம் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் அடைப்பது என்ன பலகை என்று கேளுங்கள். பலர் மரத்தூளை அழுத்தி மேலே பளபளப்பு ஒட்டிய மலிவான மெலமைன் பலகையை அடைத்துவிடுவார்கள், அப்புறம் என் ரஸ்க் கதைதான். கிளாடிங் போர்ட், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை, அடைக்கச் சொல்லுங்கள். அடித்தட்டு தரையில் படாமல் நாலங்குலம் மேலே நிற்கட்டும். கீல் ஆணி லொடலொடத்தால் ரிவெட் போடச் சொல்லுங்கள். ஒரு காட்சிக் கடையில் எட்டடிக்கு மேலும் கீழுமாக ஆறரை லட்சம் கேட்டார்கள். நான் கீழ்த்தட்டுக் கதவுகளை மட்டும் உள்ளூர் அலுமினியக்காரரிடம் 84 ஆயிரத்துக்குச் செய்தேன், எலிக்காக. மேலே சுவரில் இரண்டு வரிசைத் தட்டு, கதவில்லை. டப்பாக்கள் காற்றாட இருக்கின்றன, பூஞ்சணம் பிடிக்கவில்லை.

மேல்தட்டுக்கும் கதவு போடலாம் என்று போன மாதம் கேட்டேன். "எனக்கு எட்டுற உயரத்துல என்னத்துக்குடா கதவு, அந்தக் காசுக்கு ரெண்டு சிலிண்டர் வாங்கிப் போடு" என்றது அம்மா. வாங்கிப் போட்டேன்.