நாலு பேருக்கு ஒரே போர்ட்டர் போதுமா?

கடலூரிலிருந்து நாலு பேர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் (5,364 மீட்டர்) போறீங்க, ஆளுக்கு 14 கிலோ பை, ஒரே போர்ட்டர் போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது சார். 56 கிலோவை ஒருத்தர் தலையில கட்டுறது அநியாயம். ரெண்டு பேருக்கு ஒரு போர்ட்டர்தான் அங்கே வழக்கம். பையையும் 12 கிலோவுக்குள்ள கொண்டு வாங்க. சக்கரம் வச்ச சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். ரெண்டு பையையும் கயித்துல ஒண்ணாக் கட்டி, ‘நாம்லோ’ங்கிற பட்டையை நெத்தியில மாட்டித்தான் தூக்குவாங்க; கெட்டி விளிம்பு முதுகைக் குத்தும். அவங்க வேகம் வேற, பை சாயங்காலம் லாட்ஜ்லதான் கிடைக்கும். தண்ணீர், மழைக்கோட்டு, மாத்திரை உங்க தோள்லயே இருக்கட்டும். போர்ட்டருக்கு இன்சூரன்ஸ், குளிர் உடுப்பு உண்டான்னு ஏஜென்சிகிட்ட எழுத்துல வாங்குங்க. தாழ்வான ஊர்லேர்ந்து வர்ற போர்ட்டருக்கும் மலைநோய் வரும். தலைவலி, வாந்தின்னா தனியாக் கீழே அனுப்பிடாதீங்க. டிப்ஸை நேபாள ரூபாயா அவங்க கையிலேயே கொடுங்க.