விபத்து நஷ்டஈட்டு வழக்கில் வக்கீல் 25 சதவீதம் கேட்பது சரியா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அண்ணன் பைக்கில் போகும்போது லாரி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் வந்து பேசி, ஒரு வக்கீலிடம் அழைத்துப் போயிருக்கிறார். "இப்போது ஒரு பைசா வேண்டாம், பணம் வந்ததும் 25 சதவீதம் கொடுங்கள்" என்கிறார் அவர். கூடவே, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை ஒன்றும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சதவீதத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்தக் காசோலையைக் கொடுக்காதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீலாகத்தான் இதைச் சொல்கிறேன்.

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. இது வக்கீல்களின் தொழில் ஒழுக்கத்தைக் கவனிக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிகளில் 20ஆவது விதி. கிடைப்பதில் பாதி எனக்கு என்று பேசிய ஒரு வக்கீலின் செயலை உச்ச நீதிமன்றம் 1954இலேயே தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு. தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு பெண் கணவரைச் சாலை விபத்தில் இழந்தவர். நஷ்டஈட்டு வழக்கை நடத்திய வக்கீலுக்கு 10 லட்சம் கொடுத்த பிறகும், மேலும் 3 லட்சத்துக்குக் காசோலை வாங்கப்பட்டது. அது பணமில்லாமல் திரும்பியதும் வக்கீல் அந்தப் பெண் மேலேயே செக் மோசடி வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்கும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, சட்டப்படி செல்லாது என்றும் சொன்னது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர, கணவரை இழந்த ஒருவர் டெல்லி வரைக்கும் போராட வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட காசோலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது காசோலை ஏன் இவ்வளவு கேட்கப்படுகிறது தெரியுமா? முன்பெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை, விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் கட்டும். செக் பெட்டிஷன் என்ற மனுவைப் போட்டு அந்தப் பணத்தை எடுத்துத் தருவது வக்கீல் கையில் இருந்தது. பணம் அவர் மேஜையைக் கடந்துதான் வரும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நஷ்டஈட்டை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பும் முறையைப் பின்பற்றச் சொன்னது. பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும்போது, பங்கை வாங்க வேறு பிடி வேண்டும். அந்தப் பிடிதான் இந்தக் காசோலை.

இவ்வளவு தெளிவாகத் தடை இருந்தும் சதவீதப் பேச்சு நீதிமன்ற வளாகங்களில் ஏன் சாதாரணமாக நடக்கிறது? எல்லா வக்கீல்களையும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. சம்பாதிப்பவர் படுக்கையில் கிடக்கிறார், நகை அடகுக்குப் போய்விட்டது, ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அந்த வீட்டிடம் முன்பணம் கேட்க மனசாட்சி உள்ள யாருக்கும் வாய் வராது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை மருத்துவ ஆவணங்களின் நகல், சாட்சிக்கு வரும் டாக்டரின் செலவு, குமாஸ்தா செலவு எல்லாம் வக்கீலின் பையிலிருந்தே போகும். பின்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்ல. என் வருத்தம் என்னவென்றால், தடை விதித்த சட்டம் ஏழைக்கு வேறு வழியை வாசலில் கொண்டுவந்து வைக்கவில்லை. அதனால் பேச்சு எழுத்தில் வராமல் வாய்வார்த்தையாகவே நின்றுவிடுகிறது.

சதவீதக் கட்டணம் எல்லா நாட்டிலும் தடை இல்லை. அமெரிக்காவில் காயம்பட்டவர்களின் வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன, மூன்றில் ஒரு பங்கு அங்கே வழக்கமான பேச்சு. இங்கிலாந்தில் ஜெயித்தால் கூடுதலாக வாங்கும் வெற்றிக் கட்டணம் உண்டு. காயம்பட்டவரின் நஷ்டஈட்டில் 25 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது என்று 2013 ஏப்ரலில் உச்சவரம்பு வந்தது. எதிர்காலப் பராமரிப்புக்கான தொகையில் கை வைக்கவும் முடியாது. அமெரிக்க வக்கீல் ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சமரசத்தில் முடிந்தால் எவ்வளவு, விசாரணைக்குப் போனால் எவ்வளவு, செலவைக் கழித்துவிட்டுச் சதவீதமா, கழிக்கும் முன்பேயா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களிடம் சொல்லப்பட்ட 25 சதவீதத்தில் இந்தப் பாதுகாப்பு ஒன்றுகூட இல்லை. அங்கே நடக்கிறதே என்று யாராவது நியாயம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அந்த 25 சதவீதம் எதில் என்று கேட்டீர்களா? ஒரு கணக்குப் பார்ப்போம். தீர்ப்பில் 12 லட்சம், மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி, வழக்கு நான்கு ஆண்டு என்று வையுங்கள். வட்டி மட்டும் 3,60,000. தீர்ப்புத் தொகையில் கால் பங்கு என்றால் 3 லட்சம், வட்டியோடு சேர்த்து என்றால் 3,90,000. ஒரு வார்த்தையில் 90,000 ரூபாய் இடம் மாறுகிறது. இன்னொன்று, அந்த 12 லட்சத்தில் 4 லட்சம் மருத்துவச் செலவுக்கு என்றால் அது உங்களுடைய பணமே அல்ல, ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கட்டிய கடன். அதிலும் கால் பங்கு போனால், கடனை அடைக்க அண்ணனின் காலுக்குக் கிடைத்த தொகையிலிருந்து எடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே சதவீதத்தை மறுக்கப் போதுமான காரணம்.

அப்படியானால் வக்கீலுக்கு என்ன கொடுப்பது? நிலையான தொகை பேசுங்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். மனு தாக்கல் ஆகும்போது ஒரு பகுதி, சாட்சி விசாரணை முடியும்போது ஒரு பகுதி, வாதம் முடிந்ததும் மீதி. ஜெயித்தாலும் தோற்றாலும் அதே தொகைதான் என்பது முக்கியம். மேல்முறையீட்டுக்குத் தனிக் கட்டணம் என்பதையும் முன்பே பேசுங்கள், கம்பெனி மேல்முறையீடு போவது அபூர்வமல்ல. செலவுக் கணக்கைக் கட்டணத்திலிருந்து பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். கட்டணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். தீர்ப்பிலேயே வக்கீல் கட்டணம் என்று ஒரு தொகையைத் தீர்ப்பாயம் நிர்ணயித்துக் கம்பெனியைக் கட்டச் சொல்லும். அது எப்படிக் கழியும் என்பதையும் கேட்டு வையுங்கள். இதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தரத் தயங்கும் வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வக்கீலே இல்லாமல் நடத்தலாமா என்றும் சிலர் கேட்பார்கள். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கால் போன வழக்கில் அதை நான் சொல்ல மாட்டேன். மருத்துவக் குழு 60 சதவீத ஊனம் என்று எழுதலாம். ஆனால் அண்ணன் லாரி ஓட்டுபவராகவோ கட்டட வேலை செய்பவராகவோ இருந்தால், சம்பாதிக்கும் திறன் முழுதாகப் போயிருக்கலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடலில் எத்தனை சதவீதம் என்பதிலிருந்து பிழைப்பில் எத்தனை சதவீதம் என்பதற்கு நீதிபதியைக் கொண்டுபோக, வேலைக்கான சான்று, வருமானச் சான்று, டாக்டரின் சாட்சியம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோக்க வேண்டும். செயற்கைக் காலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கேட்டு வாங்க வேண்டும். நல்ல வக்கீலின் உழைப்பு இங்கேதான் தெரியும், அந்த உழைப்புக்கு நல்ல கட்டணம் கொடுக்க வேண்டும் என்பதையும் மனதாரச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்குத் தேடி ஆள் அனுப்புவதும் வக்கீலுக்குத் தடை, 36ஆவது விதி. அந்தப் புரோக்கருக்குப் போகும் கமிஷனும் உங்கள் 25 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

கையில் பணமே இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகவே கொடுக்கிறது. உங்கள் அண்ணன் மாற்றுத்திறனாளி என்ற வகையிலேயே கேட்கலாம். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவச வக்கீல் அக்கறையில்லாதவர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. என் நீதிமன்றத்தில் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருந்து வந்த சிலர் வழக்கைத் தயாரிக்கும் விதத்தைப் பார்த்து நான் கற்றிருக்கிறேன்.

ஏற்கெனவே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் வக்கீலை மாற்றலாம். கட்டணம் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லியிருக்கிறது. உண்மையான பாக்கி இருந்தால் அதைத் தனியாகக் கேட்கலாம், கட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும். தராவிட்டால் மாநில பார் கவுன்சிலில் எழுத்தில் புகார் கொடுங்கள். காசோலை ஏற்கெனவே கை மாறியிருந்தால், எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, எதற்காகக் கொடுத்தது என்று வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் எழுதி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 2022 ஏப்ரலில் அமலான மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி மனு போட 6 மாதக் கெடு இருக்கிறது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவ பில்கள், அண்ணனின் வருமானத்துக்கான ஏதாவது ஒரு காகிதம் ஆகியவற்றோடு இந்த வாரத்திலேயே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.